கொட்டாவி மாட்டின் ஆறாவது பிரதி

சிறுவர் நூல் போட்டிக்கு இனி அச்சடித்த பிரதிகள் அனுப்ப வேண்டியதில்லை, கணினி வழியாக ஏற்றிவிட்டாலே போதும் என்று இந்த வருடம் அறிவித்துவிட்டார்கள். அன்று மாலையே பதிப்புத் தொழிலில் உள்ள எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கை எழுதியிருந்தாள். அந்தக் காலத்தில் போட்டிப் பிரதி தயாரித்தது எப்படி என்று ஓய்வு பெற்றவர்கள் யாராவது எழுதினால் புதிதாக வந்தவர்களுக்கு உதவும், அதற்கு சுகந்தி அக்காவே பொருத்தமானவர் என்று. அவள் சொன்ன அந்தக் காலம் சென்ற பத்தாண்டு. எனக்கு வயது முப்பத்திரண்டு.

முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழை இல்லை. கண்டியில் நான் வேலை பார்த்த அச்சகம் தனது சிறுவர் நூல் பிரிவை மூடியபோது கீழ்மாடியில் தேநீரும் கேக்கும் வைத்து என்னை வழியனுப்பினார்கள். அதுவரை அங்கிருந்து விடைபெற்றுப் போனவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஆகவே கைவசம் இருந்த ஒரே பிரியாவிடை உரையைப் பெயரை மட்டும் மாற்றி எனக்கும் வாசித்தார்கள். 'வாழ்வின் பெரும்பகுதியை இந்நிறுவனத்துக்கு அர்ப்பணித்த' சுகந்திக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர் மணிக்கூடும் தந்து, எஞ்சிய காலத்தைப் பேரப்பிள்ளைகளுடன் இன்பமாகக் கழிக்க வாழ்த்தினார்கள். எனக்கு அப்போது கலியாணமே ஆகியிருக்கவில்லை.

எனவே அந்தப் பொன்னாடையின் அதிகாரத்தில் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பாடம் முடித்தேன். சிறுவர் இலக்கியம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அதற்காக நூலகத்தில் இருந்ததை எல்லாம் வாசித்தேன். சிறுவர்களைத் தவிர சிறுவர் இலக்கியத்தில் எல்லாமே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மிடுக்கோடுதான் அச்சகத்தின் மரப்படியில் ஏறினேன். கீழே கலியாணக் கார்டுப் பிரிவு, எப்போதும் சனம். மேலே சிறுவர் நூல் பிரிவு. ஒரு மேசை, இரண்டு கதிரை, கார்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டாமென்று தள்ளிய ஒரு கணினி, அதற்கு மேல் கழுத்தை ஆட்டி ஆட்டிச் சுற்றும் ஒரு மின்விசிறி. எல்லாரும் அண்ணன் என்ற உரிமையில் நானா என்று கூப்பிடும் பாரூக் நானா அங்கேதான் இருந்தார்.

என் மேலதிகாரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பாரூக் நானாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். புரூப்பைக் கதிரையில் உட்கார்ந்து பார்க்கமாட்டார். எழுந்து நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தமாக வாசிப்பார். ஒரு வசனத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் அங்கேயே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. பிள்ளைக்கு நம்மை விடச் சின்ன நெஞ்சு என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கீழே கார்டு எடுக்க வந்த பெண்வீட்டார், மேலேயிருந்து முயலும் ஆமையும் சண்டை பிடிக்கும் குரலைக் கேட்டு மிரண்டு போவதுண்டு.

யாருடைய எழுத்தையும் கூடாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் "நல்லம்" என்பார். ஆனால் அந்த நல்லத்தில் மூன்று வகை. சட்டென்று வந்தால் அச்சுக்குப் போகலாம். இழுத்து வந்தால் திருத்தவேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தால் எழுதியவருக்கு பால் விடாத பிளேன்டி ஒன்று வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவேண்டும்.

அவருடைய இன்னொரு பழக்கம், வசனத்தை ஆரம்பித்துவிட்டு நிறுத்துவது. "அது வந்து…" என்பார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அந்த இடைவெளியில் ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வந்துவிடும். நானோ பிறர் வாய் திறக்கும்போதே மிச்சத்தை ஊகித்து முடித்துவைக்கிற ஆள். அவர் "அது வந்து" என்றதும் நான் "விளங்கிட்டு நானா" என்று படியிறங்கிவிடுவேன். பாதி நாள் வேறு எதையோ செய்து முடித்துவிட்டுத்தான் அவர் சொல்ல வந்தது என்னவென்று தெரிந்துகொள்வேன். அவர் கோபித்ததில்லை. "நல்லம்" என்பார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

இனிப் போட்டிப் பிரதி. இதை இன்றைய தங்கைகள் கவனமாக வாசிக்கவேண்டும். இனி உங்களுக்கு இது வாய்க்கப்போவதில்லை.

பரிசுக்கு அனுப்பும் நூல் அந்த வருடத்துக்குள் வெளிவந்திருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே நாட்டின் சிறுவர் நூல்கள் எல்லாம் டிசம்பரில் ஒரே பிரசவ அறையில் பிறந்தன. நடுவர்களுக்கு ஐந்து பிரதிகள். நாங்கள் அடித்ததும் ஐந்துதான். இரண்டாம் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்று கம்பீரமாகப் போடுவோம். பரிசு கிடைத்தால் ஆயிரம் அடிப்பது என்பது ஏற்பாடு. பரிசு கிடைத்த பிறகு, பாடசாலைகளிலிருந்து ஓடர் வந்தால் அடிப்பது என்று அந்த ஏற்பாடு சற்றே நகரும். ஓடர் வராது. நூலே கடையில் இல்லாதபோது எதைப் பார்த்து ஓடர் தருவார்கள்? சென்ற பத்தாண்டில் பரிசு பெற்ற சிறுவர் நூல்களின் பெயர்ப்பட்டியலை யாராவது பெருமையாக வாசித்தால் எனக்கு உள்ளூரக் கூச்சம் வரும். அதில் நம்முடைய சிலவற்றை வாசித்தவர்கள் ஐந்து நடுவர்கள். அவர்களும் வாசித்திருந்தால்.

ஆனால் அந்த ஐந்தைச் செய்கிற அழகு இருக்கிறதே! உள்பக்கங்களைக் கலர் மெஷினில் எண்ணி எடுப்போம். அட்டையை மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக அடிப்போம், லெமினேட் பண்ணும்போது ஒன்றாவது குமிழ் விட்டுவிடும் என்பதால். மடித்து, முதுகில் பசை பூசி, மேலே கலியாணக் கார்டுக் கட்டுகளைப் பாரம் வைத்து ஒரு மத்தியானம் காயவிட வேண்டும். பிறகு வெட்டு மெஷின். கை கொஞ்சம் பிசகினால் முயலுக்குக் காது போய்விடும். பாரூக் நானா அதை மட்டும் தன் கையாலேயே செய்வார். வெட்டி முடித்ததும் ஒவ்வொரு பிரதியையும் கைலேஞ்சியால் துடைத்து, அடுக்கி, என் மடியில் வைப்பார். நான் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கொழும்பு ரயிலில் போவேன்.

என் பங்கு இதைவிட முக்கியமானது என்று நினைத்திருந்தேன். பரிசு பெற்ற நூல்களை எல்லாம் தேடிப் படித்து ஒரு கோட்பாடு கண்டுபிடித்திருந்தேன். அவற்றில் மிருகங்கள் பேசின. பேசிய மிருகங்கள் எல்லாம் பாடசாலை அதிபர்கள் மாதிரியே பேசின. காகம் சுத்தத்தைப் பற்றி, அணில் சேமிப்பைப் பற்றி, யானை ஒற்றுமையைப் பற்றி. கடைசிப் பக்கத்தில் ஓர் அறிவுரை இல்லாமல் எந்த மிருகமும் பரிசு வாங்கவில்லை. இது விளங்கியதும், வந்த கதைகளுக்கெல்லாம் வால் வைத்துத் தைக்கும் தையற்காரியாக மாறினேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை தவமணி வந்தார்.

தவமணி பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போன பிறகு குழந்தைகளுக்குப் பால் கரைத்து, சோறூட்டி, மத்தியானம் தூங்கவைப்பது அவர் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அச்சகத்துக்குக் கார்டு அடிக்க வந்த சொந்தக்காரர் ஒருவரோடு வந்தவர், மேலே யாரோ முயல் மாதிரிக் கத்துவதைக் கேட்டு ஏறி வந்துவிட்டார். சிறிது நேரம் நின்று பாரூக் நானாவின் வாசிப்பைக் கேட்டார். பிறகு, இதைவிடத் தன்னிடம் நல்ல கதை இருக்கிறது என்றார்.

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மீன் வாங்க வந்தவர் பக்கத்துக் கடையில் இன்னும் நல்ல மீன் இருக்கிறது என்று சொல்லும் தொனி.

கதை இதுதான். ஒரு மாட்டுக்குத் தூக்கம் வரவில்லை. ஆட்டிடம் போய், எப்படித் தூங்குவது என்று கேட்கிறது. ஆடு இப்படித்தான் என்று ஒரு கொட்டாவி விட்டுக் காட்டுகிறது. காட்டியதும் ஆடு தூங்கிவிடுகிறது. மாடு கோழியிடம் போகிறது. கோழியும் கொட்டாவி விட்டுத் தூங்கிவிடுகிறது. பிறகு நாய், பிறகு பங்களாவில் தோட்டத்துத் துரை, துரையின் குதிரை. ஊரே தூங்குகிறது, மாடு மட்டும் நடக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன். குதிரை தூங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினேன். இது போதும், முடிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முடிவை நான் பார்த்தேன். மாடு ஒரு பாறையில் ஏறி நின்று, நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்தால் உடலும் உள்ளமும் நலம் பெறும் என்று உரையாற்றியது. அடுத்த முறை வந்தபோது தவமணிக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"தூக்கமே வராத மாடு, தூங்குறதப் பத்தி எப்பிடிங்க மிஸ் பாடம் எடுக்கும்?" என்றார்.

அதுதான் முரண்நகை என்று விளக்கினேன். உலக இலக்கியத்திலிருந்து இரண்டு உதாரணமும் கொடுத்தேன். அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை, பாரூக் நானாவைப் பார்த்தார். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இது இருந்தால் பரிசு கிடைக்குமா என்று மட்டும் கேட்டார் தவமணி. கிடைக்கும் என்றேன். சரி, இருந்துட்டுப் போகட்டும் என்றார். 'கொட்டாவி மாடு' என்று பெயர் வைத்தோம். படம் போட்டவர் கீழ்மாடியில் கார்டுக்கு மணப்பெண் வரைகிறவர். ஆகவே மாட்டுக்கு நீண்ட இமையும் நெற்றியில் ஒரு பொட்டும் வந்துவிட்டன. ஐந்து பிரதிகள் ரயிலேறின.

பரிசு கிடைத்தது.

என் கோட்பாடு நிரூபணமான சந்தோஷத்தில் ஒரு வாரம் எனக்கே தூக்கம் வரவில்லை. ஆனால் விழாவில் ஒரு சிக்கல். கண்டியிலும் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அதில் நூலாசிரியர், பிரதம அதிதிக்கு நூலின் சிறப்புப் பிரதியை வழங்கவேண்டும். ஐந்தும் கொழும்பில். நான் பதறியபோது பாரூக் நானா, தான் ஒன்று செய்துவிட்டதாகச் சொன்னார். "அது வந்து, புள்ள…" என்று தொடங்கவும் செய்தார். நான் நன்றி நானா என்று சொல்லி, தவமணிக்குச் சேலை சரியாக இருக்கிறதா பார்க்க ஓடிவிட்டேன். யாரோ எடுக்க வராமல் போன கலியாணக் கார்டுகளின் பொன்னிற மயில் தாளில் அந்த ஆறாவது பிரதியை அவர் சுற்றிக்கொண்டிருந்ததைப் படியிலிருந்து பார்த்தது நினைவிருக்கிறது. மூலைகளை அவ்வளவு கூராக மடிக்க அவரால்தான் முடியும்.

மேடையில் தவமணி அதைப் பிரதம அதிதியிடம் கொடுத்தார். அவர் கலகெதரையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார். வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்து, உதவியாளரிடம் நீட்டினார். தவமணிக்கு ஒரு சான்றிதழும் பொன்னாடையும் கிடைத்தன. தன் புத்தகத்தை அவர் தொட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் தாளுக்கு மேலால்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. ஓடர் வரவில்லை. கணினி உயிரை விட்டது; கோப்பும் அதோடு போனது. பிரிவை மூடினார்கள். நான் மணிக்கூட்டோடு வீட்டுக்குப் போனேன். பாரூக் நானா கட்டாரில் மகனிடம் போய்விட்டார். மாடு எங்கும் இல்லை.

எனக்கு இது ஒரு தொழில் ஏமாற்றம், அவ்வளவுதான். தவமணிக்கு அப்படியில்லை. அவர் வீட்டுச் சுவரில் சான்றிதழ் தொங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதலில் கேட்டது புத்தகம் எங்கே என்றுதான். ஒரு வருடம் வரும் வரும் என்றார். பிறகு பேச்சை மாற்றினார். அடுத்த வீட்டில் அவருடைய நாத்தனார் செல்வி. தண்ணீர்க் குழாயடியில் தகராறு வரும்போதெல்லாம் செல்விக்கு இது ஒன்றே போதும். "எங்க அண்ணி பெரிய எழுத்தாளரு. புத்தகம் மட்டும்தான் இன்னும் எழுதல." அந்த லயத்து வீட்டு வரிசையே சிரிக்கும். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ் என்றும் ஒரு பேச்சு. இதை எனக்குச் சொன்னபோது தவமணி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குள் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்.

சென்ற வருடம் ஓர் அறிவிப்பு வந்தது. கடந்த பத்தாண்டில் பரிசு பெற்ற சிறுவர் நூல்களைத் திரட்டி, தனித்தனி நூல்களின் தொகுதியாக மறுபதிப்புச் செய்து பாடசாலைகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நூலாசிரியர்கள் மூலப் பிரதி ஒன்றைக் கொடுக்கவேண்டும். பிரதி இல்லாத நூல் தொகுதியில் இடம்பெறாது. நான் தவமணிக்கு அழைத்தேன். அவர் எனக்கு முன்னமே தெரிந்துவைத்திருந்தார்.

"மிஸ், எனக்கு அந்தப் புத்தகம் வேணும். நீங்க தேடிக் குடுப்பீங்களா, இல்ல இதுக்கும் முடிவ நீங்களே எழுதிருவீங்களா?" என்றார்.

தேடினேன். ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு என்ன வேலை? நடுவர்களின் ஐந்து பிரதிகள் வைத்திருந்த பெட்டி, அலுவலகம் இடம் மாறியபோது எங்கோ போய்விட்டது. மிஞ்சியது ஹாஜியாரின் ஆறாவது பிரதி. தொழில் மரியாதைக்காகக் கட்டாருக்கு அழைத்து பாரூக் நானாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் "அது வந்து…" என்றார். வெளிநாட்டு அழைப்பு, வட்ஸ்அப்தான் என்றாலும் எனக்குப் பொறுமை இல்லை. கவலைப்படாதீங்க நானா, எப்படியும் எடுத்துடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தவமணியும் நானும் கலகெதரை போனோம். ஹாஜியார் கடைக்குப் போயிருந்தார், வீட்டில் அவருடைய மனைவி இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஓர் அலுமாரியைத் திறந்து காட்டினார். ஹாஜியார் பிரதம அதிதியாகப் போன விழாக்களில் கிடைத்தவை எல்லாம் அதில் இருந்தன. பெரும்பாலும் சுற்றிய தாளோடு. ஹாஜியார் அடுத்த விழாவுக்குப் போகும்போது யாருக்காவது பரிசு கொடுக்க வேண்டியிருந்தால் இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு போவாராம். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! நம் நாட்டின் கலை இலக்கியம் முழுவதும் தாள் பிரிக்கப்படாமல் மேடைக்கு மேடை சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பொன்னிறத்தில் மயில் போட்ட தாள் என்றதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"அதா? அத நான்தான் எடுத்துக் குடுத்த. வத்தேகமயில ஒரு பிரின்ஸிபல் பென்சன்ல போன நேரம். கடதாசி நல்ல வடிவா இரிந்திச்சி."

வத்தேகமைக்குப் போனோம். அந்த முன்னாள் அதிபர் வீட்டில் எங்களைக் கதிரையில் உட்காரவைத்து, உள்ளே போய்த் தேடி, கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அதே மயில். அதே கூரான மூலைகள். தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. இத்தனை வருடம் ஏன் திறக்கவில்லை என்று நான் அவசரமாகக் கேட்டுவிட்டேன்.

"தடவிப் பாத்தப்பவே புத்தகம்னு தெரிஞ்சிருச்சு. அதான் தொறக்கல," என்றார்.

தவமணி தாளைக் கிழிக்கவில்லை. நகத்தால் பசைத் தாளை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளேயிருந்து அட்டை வந்தது. நீண்ட இமை வைத்த மாடு, பொட்டு, கொட்டாவி. அதன் கீழே தவமணியின் பெயர். அவர் அந்தப் பெயரின் மேல் ஒருமுறை கையால் தடவினார். எனக்குக் கண் கலங்கியது. ஒரு சிறந்த தொழில் வாழ்க்கை வாழ்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு, அவர் அட்டையைத் திறக்கும்வரை இருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. முதல் பக்கம் வெள்ளை. இரண்டாம் பக்கம் வெள்ளை. தவமணி ஒவ்வொன்றாகப் புரட்டினார். வழவழப்பான, அளவாக வெட்டிய, அழகாகப் பசை பூசிய, ஓர் எழுத்தும் இல்லாத பக்கங்கள். கடைசி வரைக்கும்.

அதிபர் எட்டிப் பார்த்து, பிள்ளைகள் படம் கீறிப் பழகுவதற்கான கொப்பியா என்று அன்போடு விசாரித்தார்.

நான் வெளியே வந்து கட்டாருக்கு அழைத்தேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். பாரூக் நானா மெதுவாகச் சொன்னார். கூடுதலாக அடித்த அட்டை ஒன்று மிஞ்சியிருந்தது. உள்பக்கம் அடிக்கக் கலர் மெஷின் அன்று வேலை செய்யவில்லை. மறுநாள் காலை விழா. "மேடயில யாரு புள்ள புரட்டிப் பாக்கப் போற? பொறகு நல்லது ஒண்டு செஞ்சி மாத்திக் குடுப்போம் எண்டு நெனச்ச. உங்களுக்குச் சொல்லத்தான் வந்த, அண்டைக்கும், இப்பயும். நீங்க எங்க நிண்டீங்க?"

 நல்லம் நானா என்றேன்.

பன்விலை பஸ்ஸில் தவமணி ஜன்னலோரம் உட்கார்ந்தார். புத்தகம் அவர் மடியில் இருந்தது. நான் தொகுதிக்காரர்களின் அலுவலகத்துக்கு அழைத்து, வெட்கத்தை விட்டு, நடந்ததை உள்ளபடி சொன்னேன். பிரதி இருக்கிறது, ஆனால் உள்ளே வெறும் தாள் என்று. அங்கிருந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்தவர். சற்று யோசித்தார்.

"அட்டை இருக்கோ? அப்ப அது காணும், வேறொண்டும் தேவையில்லை. உள்ளுக்கு எப்பிடியும் நாங்கள் திருப்பி டைப் பண்ணத்தானே வேணும். படமும் எங்கட ஆள் கீறுவார். எழுதின ஆள் உயிரோட இருக்கிறாதானே? அவவிட்டக் கேட்டு அனுப்புங்கோ."

பரிசு கொடுத்தபோது இருந்த எழுத்தோடு ஒத்துப் பார்க்கமாட்டீர்களா என்று கேட்டேன். எதனோடு ஒத்துப் பார்ப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி.

தவமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இறங்கும் இடம் வந்ததும், நாளை மத்தியானம் காம்பராவுக்கு வாங்க மிஸ் என்றார். அத்தனை வருடத்தில் நான் அங்கே ஒருமுறையும் போனதில்லை. சிறுவர் நூல் பிரிவில் வேலை பார்த்தவளுக்குச் சிறுவர்கள் இருக்கும் இடத்தில் என்ன வேலை!

மறுநாள் போனேன். நீண்ட அறை. பாயில் வரிசையாகக் குழந்தைகள், பாதி பேர் உதைத்துக்கொண்டு, ஒருவன் மட்டும் அழுதுகொண்டு. தவமணி சுவரோரம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். அட்டையைக் குழந்தைகளுக்குக் காட்டினார். பொட்டு வைத்த மாட்டைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள். பிறகு முதல் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். வாசல் பக்கம் பால் போத்தல் எடுக்க வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தவமணி கையில் அவர் பெயர் போட்ட புத்தகம் இருந்தது, அவர் அதை வாசித்தார், அது தெரிந்தது.

நான் கைபேசியில் பதிவை அழுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆடு தூங்கியது. கோழி தூங்கியது. துரையும் குதிரையும் தூங்கினார்கள். நான் அன்று கையைக் காட்டி நிறுத்திய இடத்தை அவர் தாண்டினார். மாடு இப்போது காம்பராவுக்கே வந்துவிட்டது. "மாடு நேரா நம்ம கவிதாகிட்ட வந்துச்சு. கவிதா, எப்பிடித் தூங்குறதுன்னு கேட்டுச்சு." கவிதா வாயைத் திறந்து கொட்டாவி விட்டுக் காட்டியது, அடுத்த பக்கம் புரளும்போது கவிதாவின் கண் மூடியிருந்தது. பிறகு ரமேஷ். பிறகு அந்த அழுதவன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெள்ளைப் பக்கம். அந்தக் குரலில் அவசரமே இல்லை. மாடு அப்படியே நடந்து, கண்டியிலிருந்து வந்த ஒரு மிஸ்ஸிடம் போனது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

விழித்தபோது என் மேல் ஒரு சிறு போர்வை கிடந்தது. எல்லாரும் தூக்கம். தவமணி ஜன்னலோரம் பால் மாவு டின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதிவைக் கேட்டுப் பார்த்தேன். என் பெயருக்குப் பிறகு இன்னும் இரண்டு பெயர்கள், பிறகு அமைதி, அதன் மேல் சீராக ஒரு குறட்டை. குழந்தைகளுடையது என்றுதான் நினைத்தேன். இல்லை என்றார் தவமணி.

பிறகு மாடு என்ன ஆகும் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய முடிவைக் கேட்கிறேன் என்பது கேட்கும்போதே உறைத்தது.

"கடைசிப் புள்ள தூங்குனதும் நிறுத்திருவேன். யாரு கேக்க இருக்கா? மாடு அது பாட்டுக்கு நடந்துகிட்டே இருக்கும்."

"புத்தகத்துல கடைசிப் பக்கத்துக்கு என்ன போடுறது?"

"மாடு போற படத்த மட்டும் போடச் சொல்லுங்க. எழுத்து வேணாம். வீட்ல உள்ள புள்ளைங்க பேர அவங்கவங்க சொல்லிக்கட்டும்."

என் நாக்கின் நுனியில் ஒரு வசனம் வந்து நின்றது. நேரத்துக்குத் தூங்குவதன் நன்மை பற்றியது. விழுங்கிவிட்டேன். வீட்டுக்குப் போய் பதிவிலிருந்து ஒரு சொல் மாற்றாமல் டைப் பண்ணி, கவிதா, ரமேஷ் இருந்த இடங்களை வெறுமையாக விட்டு, அட்டையோடு அனுப்பினேன்.

இந்த வருடம் தொகுதி வந்தது. நூலாசிரியருக்குரிய பிரதிகள் ஒரு பெட்டியில் தோட்டத்துக்கே போயின. தவமணி ஒன்றை எடுத்து, சான்றிதழ் தொங்கிய ஆணிக்குக் கீழே அலுமாரியின் மேல் நிறுத்திவைத்தார். மற்றவற்றை லயத்தில் பிள்ளை உள்ள வீடுகளுக்குக் கொடுத்தார். செல்வி வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், செல்வி வாங்கியதும் அட்டையைத் திறந்து உள்ளே எழுத்து இருக்கிறதா என்று அங்கேயே புரட்டிப் பார்த்ததாகவும் எனக்கு அழைத்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் குழாயடியில் செல்வி குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாளாம்.

"ஏன் அண்ணி, அந்த மாடு கடைசியில தூங்குச்சா இல்லையா?"

"ஏன், நீ படிக்கலையா?"

"எங்க படிக்க விட்டுச்சு. மக பேரச் சொன்னேன், தூங்கிட்டா. அவரு பேரச் சொன்னேன், அவரும் தூங்கிட்டாரு. அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியல."